அந்த வட்டாரம் நானில்லை

1996 ஆடி, சனி இரவு.

எங்கள் கால்பந்துக் கப்டன் குகன் அண்ணை பக்கத்து ஊரான விட்பியின் அணிக்குத் தாவப்போகிறார் என்று ‘லீக் வட்டாரம்’ சொன்னதாம். தமிழ்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதும் சிவா அங்கிள் அப்படியே போட்டுவிட்டார். செய்தி பொய். சும்மா கதை கட்டிவிடும் என் பகிடிகள் தெரிந்த எல்லாரும் அந்த வட்டாரம் நான்தான் என்கிறார்கள். நாளைய ஆட்டத்துக்கு வராதே என்று குகன் அண்ணையே சொல்லிவிட்டார்.

அங்கிள் இருக்கும் மோர்னிங்சைட் வரை சைக்கிளில் போய் அவரைப் பிடித்தேன்.

“நான் இல்லை எண்டாவது சொல்லுங்கோவன், அங்கிள்.”

“நீ இல்லை எண்டு சொன்னால் மிச்ச ஆக்களுக்குள்ள தேடுவினம், தம்பி. சொன்னவரைக் காட்டிக்குடுக்கேலாது.”

“அப்ப செய்தி பிழையெண்டு போடுங்கோ.”

“வட்டாரம் மறுத்தால் போடலாம்.”

வட்டாரத்துக்கு வாய் மட்டும்தான், பெயர் இல்லை. கெட்டது என் பெயர்.

ஒருவேளை அண்ணை மனம் மாறினால் என்று சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்திருக்கிறேன்.