வெள்ளிக் கழுத்துப்பட்டை

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மராத்தி ஊரில், வகுப்பில் ஒருத்திக்கும் தமிழ் வாசிக்க வராது. அம்மாவுக்கு வரும். அம்மாவிடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

டிச. 9, செவ்வாய்

கொஞ்சம் குளிர். கணக்கு டெஸ்ட் மோசம்.

ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு ஒரு பழைய இங்கிலாந்து ஓவியம் மாதிரியே மேடையில் அசையாமல் நிற்க வேண்டுமாம். ஓவியத்தில் ஒரு சீமாட்டி. மலை மாதிரி வெள்ளைக் கொண்டை, நீலப் பட்டு, முத்து. பக்கத்தில் பழத்தட்டோடு மண்டியிட்டு ஒரு கறுப்புப் பையன். கீழே அவள் பெயர், புருஷனின் பட்டம், வரைந்தவர் பெயர். பையனுக்கு ஒன்றும் இல்லை.

சீமாட்டி: மாட்டுங்கா ஃப்ளாட்டிலிருந்து வரும் நந்தினி. பையன்: நான். மிஸ் யோசிக்கக்கூட இல்லை.

நந்தினி காதருகே, தமிழில்: "நோக்கு மேக்கப்பே வேண்டாண்டி. லக்கி!"

சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

டிச. 10, புதன்

பையன் கழுத்தில் வெள்ளிப் பட்டை. என்ன என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அடிமைகளுக்குப் போடுவதாம். யாருடைய சொத்து என்று அதில் பொறித்திருக்குமாம். சொல்லிவிட்டு அட்டெண்டன்ஸ் எடுத்தார்.

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபீஸ் இல்லாத சீட் வாங்கிக் கொடுத்தது மிஸ்தான்.

வீட்டில் அம்மா ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஏட்டி, இந்தப் பையன் அந்தம்மா எடுத்து வளக்க புள்ளையா? கழுத்துல அட்டிகையெல்லாம் போட்டிருக்கான்!"

ஆமாம் என்றேன்.

இப்போது தூங்குகிறாள்.

டிச. 11, வியாழன்

ஒத்திகை. முழங்கால் வலி. மிஸ்: "மேலே பார். இன்னும் நன்றியோடு பார்." நந்தினி என்னைப் பார்க்க வேண்டியதில்லை. ஓவியத்திலும் அவள் பார்ப்பதில்லை.

அம்மா வேலை செய்யும் தையல் பட்டறையிலிருந்து ஜரிகைத் துண்டு கொண்டுவந்து பட்டை தைத்துவிட்டாள். உள்ளே வெல்வெட். "கழுத்து உறுத்தக் கூடாதுல்லா."

டிச. 12, வெள்ளி

நாளை விழா. அம்மா லீவு சொல்லிவிட்டாள். சந்து முழுக்கச் செய்தி.

பக்கத்து வீட்டுச் செல்வி பெரியம்மா: "ஒம் மவ மேடையில நிக்கப் போறாளாம்லா! என்ன வேசம்?"

அம்மா: "ராணி வளத்த புள்ளக்கா!"

சாப்பிட்டதும் அம்மா அவளிடம் புடவை இரவல் கேட்கப் போனாள். நூல் கத்தரியால் பட்டையை வெட்டினேன். நாலு துண்டு. வெல்வெட் லேசில் வெட்டுப்படவில்லை.

உண்மையைச் சொன்னால் அம்மா பள்ளிக்கே வந்து கத்துவாள், சீட் போய்விடும். சொல்லாவிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவாள். எது மோசம் என்று

கதவு தட்டுகிறாள். "ஏட்டி, தொற. பெரியம்மா வந்திருக்கா. அந்த அட்டிகைய எடுத்துக் காட்டு"