காது கிழிந்த பெட்டை

அக்டோபர் 5

தம்பி மகள் எல்ட்ரிட் மத்தியானப் பேருந்தில் பெர்கன் நகரத்திலிருந்து வந்து இறங்கினாள். பத்தொன்பது வயது. வேட்டைத் தேர்வு தேறிய பின் இது முதல் வருடம். அவள் வந்து சேர்வதற்குள் அவள் அப்பா அவுடுனின் போன். "அக்கா, ரெண்டு நாள் மழையில உக்கார வை. ஆசை தானா போயிடும்." அவனுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும், மகளுக்கும் அப்படியே இருக்க வேண்டுமாம். நான் கூப்பிட்டதோ, அவளுக்கு மான் சுடக் கற்றுக்கொடுக்க.

அக்டோபர் 7

மழை. களஞ்சியத்துக்குப் பின்னால், புல்வெளி ஓரத்தில் இருட்டும்வரை உட்கார்ந்தோம். முதல் பாடம்: பெட்டை மானும் குட்டியும் சேர்ந்து வந்தால் முதலில் குட்டி. தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியை அநாதையாக விடுவது எங்கள் பக்கத்தில் திருட்டைவிடக் கேவலம். அடுத்தது: யார் என்ன சொன்னாலும், விசையை அழுத்தியவர்தான் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், எல்லாவற்றுக்கும் கேள்வியும் கேட்டாள். மான் வருகிற இடத்தில் இப்படிப் பேசுவாளா ஒருத்தி? ஆனாலும் ஃபிளாஸ்க் காபியைப் பங்கு போட ஆள் இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 9

எப்படி எழுதுவது?

அந்தி சாயும்போது பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து காது கிழிந்த பெட்டை தனியாக வந்தது. மூன்று வருடமாக என் புல்லைத் தின்கிறது. ஒரு தடவைகூடக் குட்டியோடு பார்த்ததில்லை. மலடு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சுடு என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே அத்தை. பின்னால ஏதாவது வந்தா?"

"அதுக்கு ஏது குட்டி? வெளிச்சம் போகுது, சுடு."

சுட்டாள். ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தது. பெருமையாக இருந்தது எனக்கு — ஆமாம், பெருமைதான். வயிற்றைக் கிழிக்கக் கத்தியை அவளிடமே கொடுத்தேன். மடியில் கத்தி பட்டதும் அவள் விரல்களில் வெள்ளையாக வழிந்தது. பால்.

குட்டி எங்கோ காட்டுக்குள் நிற்கிறது. தாயில்லாமல் அது இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது, பனியில் பட்டினி கிடந்து சாகும். நான் என்ன காரியம் பண்ணிட்டேன்? அவ கேட்டாளே, பாக்கலாமேன்னு கேட்டாளே.

அக்டோபர் 10

பெட்டையை ஹல்வாரின் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தோம். எங்கள் வேட்டைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள் எல்ட்ரிட் சொல்லிவிட்டாள்: "நான்தான் சுட்டேன். பொறுப்பு என்னுது." நகரத்துப் பெண்ணுக்கு எல்லாம் அவசரம் என்றான் குழுவில் ஒருத்தன். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

வீட்டுக்கு வந்ததும் பையை அடுக்கிவிடுவாளோ என்று பயந்தேன். இல்லை, துப்பாக்கியைத் துடைத்தாள். குட்டி பட்டினியில் சாகுமுன் நானே அதைச் சுட்டுவிடுகிறேன் என்றேன்.

"இல்ல. என் கையால ஆனது, நானே முடிக்கிறேன். ஆனா நீங்க சொல்லி இனிமே சுட மாட்டேன் அத்தை."

அக்டோபர் 11

ஹல்வார் வீட்டுக்கு நடந்தே போனேன். சுடச் சொன்னது நான், பொறுக்கலாம் என்றது அவள் என்று சொன்னேன். "ஆனைக்கும் அடி சறுக்கும், டோருன்" என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை. சிரித்தவர்களிடமும் நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12

புல்வெளிக்குக் குட்டி ஒன்று தனியாக வந்தது. "இதான்" என்று என் வாய் முந்திக்கொண்டது. எல்ட்ரிட் துப்பாக்கியை உயர்த்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே ஒரு பெட்டை வந்தது. குட்டி அதன் மடியில் முட்டியது. நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 13

வரவில்லை.

அக்டோபர் 15

வந்தது. தாய் விழுந்த இடத்தை முகர்ந்து பார்த்தது. காட்டுப் பக்கம் திரும்பிக் கத்தியது. பதில் இல்லை. மறுபடி கத்தியது. எல்ட்ரிட் காத்திருந்தாள், நான் வாயே திறக்கவில்லை. வெளிச்சம் மங்குவதற்குச் சற்று முன்னால் சுட்டாள். வயிற்றைக் கிழித்ததும் அவளே, இழுத்து வந்ததும் அவளே. என்னைத் தொட விடவில்லை. பிறகு களஞ்சியச் சுவரில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், எழுதினால் என்ன.

அக்டோபர் 16

காலைப் பேருந்தில் போய்விட்டாள். மறுபடி வருவாயா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டிசம்பர் 23

வேட்டைப் பருவத்தின் கடைசி நாள். தனியாகப் போய் உட்கார்ந்தேன். ஒரு பெட்டை வந்து பனியைக் கிளறிப் புல் தேடியது. சுட வாகாகப் பக்கம் காட்டி நின்றது, கைக்கெட்டும் தூரம் என்று சொல்லலாம். பார்த்துக்கொண்டே இருந்தேன். இருட்டியது. குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்ட்ரிட்டுக்குப் போன் செய்தேன். ஒரு பெட்டை வந்தது, சுடவில்லை என்றேன்.

"குட்டி இருந்துச்சா அத்தை?"

"தெரியல."

அப்புறம், அடுத்த வேட்டைப் பருவம் தொடங்குகிற செப்டம்பர் முதல் வாரம் லீவு போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.