மாற்றிய ரத்தம்

8 நவம்பர் 2001, திருவொற்றியூர்
பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாயிற்று. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாதென்று, என் வீட்டுக்காரரின் அக்கா செங்கொடி அண்ணி தன் மகனின் பழைய சட்டைகளைப் பெட்டியோடு கொண்டுவந்தார். "என் புள்ள போட்டது யசோ. இவனும் அவனாட்டம் கும்முனு வருவான் பாரு." உடனே ஒன்றை மாட்டியும் விட்டார். ஒரே அந்துருண்டை வாடை. நாத்தனாரிடம் வாயைத் திறக்க முடியுமா?

10 நவம்பர்
கண் மஞ்சளாக இருக்கிறது. வெயிலில் காட்டு, போய்விடும் என்கிறார்கள். எனக்கென்னவோ பயமாக இருக்கிறது.

11 நவம்பர், ஆஸ்பத்திரி
உள்ளங்கால்வரை மஞ்சள். பால் குடிக்கவில்லை. டாக்டர் தங்கபுஷ்பம் எங்களை உட்காரச் சொன்னார். "ரத்தம் உடைஞ்சு மஞ்சள் ஏறிக்கிட்டே போகுது. மூளைக்குப் போனா காது கேக்காது, கழுத்து நிக்காது. உசுருக்கே ஆபத்தும்மா. ரத்தத்தையே மாத்தணும்."
ரத்தத்தையேவா? அவன் உடம்பில் இருப்பதே ஒரு டம்ளர்தானே! என் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டார்.

12 நவம்பர்
தொப்புளில் குழாய். கொஞ்சம் எடுக்கிறார்கள், கொஞ்சம் ஏற்றுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பாதியில் பிள்ளையின் கை வெடவெடவென்று உதறியது. ஐயோ, இன்னா ஆச்சி எம்புள்ளைக்கு — கத்திவிட்டேன்.
டாக்டர் பிறகு சொன்னார். பையில் வரும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கலந்திருக்குமாம். அது பிள்ளையின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். அதனால்தான் உதறல். அந்தச் சத்தை ஊசியில் மெதுவாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடுமாம். சர்க்கரை இறங்கலாம், உப்பு ஏறலாம், அதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். காப்பாற்ற ஏற்றுகிற ரத்தமே கொன்றுவிடுமா? யாரைத்தான் நம்புவது?

13 நவம்பர்
உதறல் இல்லை. மஞ்சள் இறங்கியிருக்கிறது. மறுபடி ஏறலாம் என்கிறார்கள்.

15 நவம்பர்
அந்துருண்டை போட்டு வைத்த துணி ஏதாவது போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஏதோ ஒரு சத்து பிறவியிலேயே குறைவாம். அந்துருண்டை அவர்கள் ரத்தத்தை உடைத்துவிடுமாம். இவனுக்கும் அதுதான்.
பக்கத்தில் நின்ற அண்ணி முகம் செத்துப்போயிற்று. "பூச்சி அரிச்சிடும்னுதானே போட்டு வெச்சேன்... இப்டி ஆவும்னு எனக்கு இன்னாமே தெரியும்?"
எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்திருப்பேன். ஆனால் தினமும் எனக்குச் சோறு கட்டி வருபவரும் அவர்தான். சாப்பிட்டேன். பேசவில்லை.

22 நவம்பர்
வீடு. காதருகே தட்டைத் தட்டிப் பார்க்கிறேன். அசையவில்லை. தூக்கமா? காது போயிற்றா? பைத்தியம் பிடித்துவிடும்.

2 டிசம்பர்
காலையில் கம்பெனிச் சங்கு ஊதியது. பிள்ளை திடுக்கிட்டுக் கை காலை விரித்தான். வீறிட்டு அழுதான். அண்ணி தூக்க ஓடிவந்தார்.
"இருங்க அண்ணி, கொஞ்சம் அழட்டும்" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் அவரிடம் பேசியது அதுதான் முதல்.