பற்றரியின் பாரம்

கொட்டாஞ்சேனை,
2025 ஜூன் 14, சனி.

அன்புள்ள தம்பி ரொனிக்கு,

கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் ‘அன்புள்ள’ என்று போட்டேன். நாங்கள் சுகமாக இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். பதினொரு நாளாகப் போன் அடிக்கிறேன், எடுக்கிறாய் இல்லை. அனுப்பியதெல்லாம் பார்த்ததற்கு நீலக்கோடு விழுந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஜீவராணி நாளைக்கு உன்னுடைய ரொறன்ரோவுக்குப் பிளேன் ஏறுகிறாள். இதை உன் கையிலேயே தந்து, நீ வாசித்து முடிக்கும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தேத்தண்ணியாவது கொடு.

முதலில் உன் அத்தானின் கால். கணுக்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். பொல்லு ஊன்றிக் குசினிவரை வருவார். நேற்று அந்தோனியார் திருநாள். அவரின் சுருவம் ஊர்வலமாக எங்கள் தெருவால் போனபோது மனிதன் ஜன்னலடிக்குக்கூட வரவில்லை. கால் நோவென்று நினைக்காதே, வெட்கம். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் போர்க்லிப்ட் ஓட்டி ஒரு பெட்டி விழுத்தாதவர், நம்முடைய கிராண்ட்பாஸ் ஸ்டோரில் ஒரு மரத்தட்டு நிறைய மாபிள் கல்லைத் தூக்கும்போது வண்டியைக் கவிழ்த்துவிட்டேனே என்று அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நீ சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. குடும்ப குறூப்பில் என்ன எழுதினாய்? அத்தானுக்கு வயசு போயிட்டுது, கண் பார்வை மட்டு, அளவு தெரியாமல் தூக்கிவிட்டார் என்று எழுதினாய். வத்தளை மாமி அதைப் பார்த்துவிட்டு, கண் டொக்டரின் நம்பரோடு வந்து நின்றார். அத்தான் அதையும் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்குப் பற்றி எரிந்தது.

இப்போது அந்தப் பற்றரிக் கதைக்கு வருகிறேன். ஆரோ பாவித்த பழைய வண்டியாக நீ வாங்கிப் போட்டதுதானே அது. போன வருஷமே அதன் பற்றரி செத்துவிட்டது, காலையில் சார்ஜ் ஏற்றினால் பத்து மணிக்கு நின்றுவிடும். புதுசு போடுவோம் என்றோம். உடனே நீ அங்கிருந்துகொண்டே பெரிய முதலாளி ஆனாய். நுகேகொடை மெக்கானிக் லலித் பாஸை நீயே பிடித்தாய். எல்லாம் உன்னோடு மட்டும்தான் கதைக்க வேண்டும், அக்காவுக்கு மெஷின் விளங்காது என்று அவனிடம் சொல்லியும் வைத்தாய். பழைய ஈயப் பற்றரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பூட்டினான். அன்றைக்கு அத்தான் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தவுடனேயே கேட்டார், ரொனி, உனக்கு மறந்திருக்காது. புதுசு பழையதில் பாதிப் பாரம்கூட இல்லையே, முன்னுக்குச் சாமான் தூக்கும்போது பின்பக்கத்தை நிலத்தில் அழுத்திப் பிடிப்பதே பற்றரியின் பாரம்தானே, பாஸிடம் கேட்டுச் சொல்லு தம்பி என்று உனக்கு வொய்ஸ் அனுப்பினார். நீ கேட்டுச் சொன்னாய். பாரம் குறைவாம் அத்தான், இனி இரும்பே ஏற்றலாமாம், பயப்படாமல் தூக்குங்கோ என்றாய். இரண்டாம் நாள் மாபிளைத் தூக்கும்போது பின்சில்லு மேலே கிளம்பி வண்டி முன்னுக்குக் கவிழ்ந்தது. குதிக்கப் பார்த்தவரின் கால் வண்டிக்கு அடியில் மாட்டியது.

போன செவ்வாய் லலித் பாஸ் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நான் அவனைத் திட்டத் தொடங்க, அவன் போனை எடுத்து அன்றைக்கு உனக்குச் சிங்களத்தில் அனுப்பிய வொய்ஸைப் போட்டுக் காட்டினான். “பர மதி மாத்தயா, யகட தான்ன ஓன.” அதாவது, பாரம் போதாது ஐயா, இரும்பு போட வேண்டும். பற்றரிக் கூட்டுக்குள் இரும்புத் தகடு வைத்துப் பாரத்தைச் சரிக்கட்டு என்று அந்த மனிதன் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறான். நீ ‘மதி’யைக் குறைவென்று எடுத்து, இரும்பு ஏற்றலாம் என்று விளங்கி, பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறாய். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லத் தெரியாமல் தெஹிவளைவரை போனவன் நீ. உன் சிங்களத்தை நம்பித்தானா என் புருஷன் வண்டியில் ஏற வேண்டும்? விளங்கவில்லை என்றால் என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷம். அதற்கும் உன் பெருமை விடவில்லை.

பிழை விடாத மனிதர் இல்லை. அதை நான் பொறுத்திருப்பேன். அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே பாஸ் உனக்குப் போன் அடித்து, நீ பிழையாக விளங்கியதைச் சொல்லியிருக்கிறான். தெரிந்த பிறகுதான் நீ அந்தக் கண் கதையை எழுதினாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை அரசாங்கத் தொழில் கந்தோரிலிருந்து விபத்தை விசாரிக்க வருகிறார்கள். அத்தான் பிழை தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைக்கப் போகிறாராம். வைத்தால் லைசன்ஸ் போகும். லைசன்ஸ் கிடக்கட்டும், அந்த மனிதன் இனித் தன்னையே நம்பமாட்டார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். முப்பது வருஷத்தில் முதல்தடவையாக என்மேல் கையை ஓங்கிவிட்டு இறக்கினார். தம்பி பிழையாச் சொல்லமாட்டான், என்ர பிழையை அவன்ர தலையில கட்டாதே என்றார். பாஸ் தன்னைக் காப்பாற்ற இப்போது பேசிச் செய்த வொய்ஸாம் அது. நான் சொன்னாலும் பாஸ் சொன்னாலும் ஏறாது. உன் வாயால் வந்தால்தான் நம்புவார். புதன்கிழமைக்குள் அவருக்குப் போன் அடி. எனக்கு அடிக்க வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தான் பொல்லோடு வந்து, யாருக்கென்று கேட்டார். உனக்கு என்றேன். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். தம்பி பனிக்குள்ள நிண்டு உழைச்சு வாங்கின மெஷினை நான் கவிழ்த்துப்போட்டன், என்னை மன்னிக்கச் சொல்லு. கடவுள் அவனைக் காப்பாத்துவார் எண்டு என்ர பேரால எழுது.

எழுதிவிட்டேன். ஆசீர்வாதம் அவருடையது மட்டும்தான்.

உன் அக்கா,
யூஜினா