சனிக்கிழமை மன்னிப்பு

பாஸ்டர் வீட்டில் திராட்சை கொதிக்கிறது. நாளைக்குச் சர்ச்சில் திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும். உலர்ந்த திராட்சையைச் சர்க்கரை போட்டு வேகவைக்கிற வாசம் தெருவைத் தாண்டி என் தறி வரைக்கும் வந்துவிட்டது. வந்ததும் வாசலைப் பார்த்தேன். நீ செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது, சிநேகிதா. ஆனாலும் பார்த்தேன்.

திருவிருந்துக்கு முந்தின நாள் நீ சைக்கிளை எடுத்துவிடுவாய். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துக்கொண்டுதான் அப்பத்தைத் தொட வேண்டும் என்பது நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சர்ச் வாசலில் கையைப் பிடித்து முடித்துக்கொள்வார்கள். நீ வீடு வீடாகப் போவாய். சாயம் போடுகிறவர், டீக்கடைக்காரர், சேவூர் டவுன் பஸ் கண்டக்டர். பாவம், கண்டக்டருக்குத் திருவிருந்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "சரிங்க, உள்ள போங்க" என்றாராம். அந்த பஸ் இப்போது நம் தெருமுனையில் நிற்பதே இல்லை. அது கிடக்கட்டும்.

ஒரு சனிக்கிழமை என்னிடமும் வந்தாய். நான் தறிப் பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன்னப் பத்தி மனசுல தப்பா நெனச்சுட்டேன்பா. மன்னிச்சுடு."

"இன்னான்னு நெனச்ச?"

"அத சொன்னா இன்னொரு பாவம்."

"உன் மனசுல ஓடினது என் காதுலயா வந்து வுழுந்துச்சு? அப்புறம் மன்னிப்பு எதுக்கு?"

"உனக்குக் கேக்கலன்னா இன்னா, எனக்குக் கேட்டுச்சே."

மன்னித்தேன் என்று சொல்லிவிட்டேன். நீ லேசாகிப் போய்விட்டாய். எனக்குத்தான் அதற்கப்புறம் தறி ஓடவில்லை. இழை அறுந்துகொண்டே இருந்தது. என் பெண்டாட்டியிடம் கேட்டேன். "உன்னத் தப்பா நெனைக்கறதுக்கு ஒண்ணா ரெண்டா இருக்குது?" என்றாள்.

மறுநாள் சர்ச்சில் எல்லோரும் முன்னால் போய் முழங்கால் போட்டபோது நான் மட்டும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம். நீயோ நிம்மதியாக அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு வந்தாய்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உன் பாவத்த என் வூட்டு வாசல்ல எறக்கி வெச்சுட்டுப் போயிட்டியே."

"அப்போ அடுத்த வாட்டி நீ சைக்கிள எடு" என்று சிரித்தாய்.

எடுத்தேன். உன் வீட்டுக்கு வந்து கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதோடு அன்றைக்கு என்னைப் பற்றி என்ன நினைத்தாய் என்றும் கேட்டேன். நீ சைக்கிளைத் திருப்பி என் கையில் கொடுத்தாய். பிறகு எத்தனையோ தடவை கேட்டாயிற்று. கடைசியாக வேலூர் ஆஸ்பத்திரியில், உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"இப்பவாவது சொல்லிட்டுப் போப்பா."

"நான் போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?" என்றாய். மூச்சு வாங்கியது. "மறந்துட்டேன்பா. நீதான் மன்னிச்சுட்டியே, அத நான் இன்னும் முடிஞ்சு வெச்சுகினு இருக்கணுமா?" என்றாய்.

நிஜமாகவே மறந்துவிட்டாயா, என்னைச் சமாளித்தாயா, எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அதனால் எதைச் செய்தாலும் சந்தேகம் வருகிறது. குழம்பில் உப்பு இல்லையென்று தட்டைத் தள்ளும்போது, இதுவாக இருக்குமோ என்று கை நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் புதுசாக பவர்லூம் போட்டதைப் பார்த்து வயிறு எரியும்போதும் அப்படித்தான். தட்டை மறுபடி இழுத்துக்கொள்கிறேன். வயிறு எரிவதுதான் சீக்கிரம் நிற்க மாட்டேன் என்கிறது.

இதோ, இப்போது முதலாளி போன் பண்ணினார். சேலை ஆச்சா என்று கேட்டார். நாளைக்குத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவரிடம் எப்போதும் சொல்கிற பொய்தான். திராட்சை வாசம் வேறு. இதுவாக இருக்குமோ.

"முந்தானை இன்னும் நெய்யவே இல்லீங்க. நாலு நாள் ஆவும்" என்றேன்.

திட்டினார். முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டேன். நீ நினைத்தது இது இல்லையென்றாலும் போகட்டும், ஒன்று குறைந்தது.