அஸருக்கு வாசலில் நிற்கும் கடா

மண்ணறையில் உறங்கும் என் நூருவின் அத்தாவுக்கு, உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவளின் ஸலாம்.

உங்கள் ஆட்டுக்கடா நலம். அதைத்தானே முதலில் கேட்பீர்கள்?

நேற்று நூரு இங்கிலீஷ் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ‘டொமெஸ்டிகேட்’ என்று ஒரு வார்த்தை. எழுத்துக் கூட்டி நானே படித்துவிட்டேன், பொருள்தான் பிடிபடவில்லை.

“காட்டுல திரிஞ்சதைத் தலைமுறை தலைமுறையா வூட்டோட பழக்குறதும்மா. ஆடு மாட்டுக்குச் சொல்லலாம். சர்க்கஸ் சிங்கத்துக்குச் சொல்லக் கூடாது, அது வெறும் ‘டேம்’, அடக்கி வச்சதுதான்” என்றாள். பிறகு சிரித்தாள். “மனுசங்களையும் கேலியாச் சொல்வாங்களாம். ஊரு சுத்திட்டு, வூடே கதின்னு ஆயிட்டவங்களை. நம்ம அத்தா மாதிரி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்திரக் கடையைச் சாத்திவிட்டு, டீக்கடை பெஞ்சில் உலகத்தையெல்லாம் பேசி முடித்து, சோறு ஆறிய பிறகுதான் வருவீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்தே அப்படித்தான். பக்ரீத் குர்பானிக்கென்று நிய்யத்து வைத்து, மனதில் நேர்ந்து, அந்தக் குட்டியை வாங்கி வந்தீர்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் அஸர் தொழுததும் நேரே வீடு. எனக்காகவா?

“வாங்க ராஜா, சாப்ட்டீங்களா?” அதற்கு அவ்வளவு மரியாதை. எனக்கு, “ஏ, இந்தா, தண்ணி கொண்டா.” அதன் பொட்டுக்கடலைக்கு வீட்டுக் கணக்கில் தனி வரி எழுதினேன். என் பூவுக்கு அப்படி ஒரு வரி விழுந்ததுண்டா?

எத்தனை துஆ கேட்டும் எனக்கு ஆகாததை ஓர் ஆட்டுக்குட்டி செய்துவிட்டதே. யார் யாரைப் பழக்கியது?

இப்போதும் அஸர் பாங்கு கேட்டதும் வாசலில் போய் நிற்கிறது. நான் உங்களுக்கான இத்தாவில், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் வீட்டுக்குள் இருக்கிறேன். உங்களுக்காக வாசலில் நிற்கும் பாக்கியமும் அதற்கே. நூரு கொடுத்தால் தழை தின்னும். என் கையில் வாங்காது.

“முட்ட வருதுங்க அண்ணி. வித்துட்டு பக்ரீத்துக்கு வேற வாங்கிக்கலாம்” என்றார் உங்கள் தம்பி. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அது கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஆனால் உங்கள் நிய்யத்து இந்தக் கடாவின் மேல் அல்லவா? குர்பானி கொடுத்தது மறுமையில் நம்மைச் சொர்க்கத்துக்குச் சுமந்து போகும் என்பார்கள். அப்படியானால் அங்கேயும் எனக்கு முன்னால் அதுதானே உங்களிடம் வந்து சேரும்?

வரட்டும். விற்க மாட்டேன். உங்கள் பெயரிலேயே கொடுப்பேன். அதற்குள் என் கையிலும் ஒரு பிடி தழை தின்ன வைப்பேன். இது என் வாக்கு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அது வந்ததும் அதோடு உள்ளே போய்விடாதீர்கள். எனக்காகவும் ஒரு தடவை வாசலில் நில்லுங்கள்.

இன்னும் சோறு மூடி வைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
நூருவின் அம்மா