இடம் பார்த்தவன் பங்கு

இன்று காலை கதவைத் திறந்தால் வாசலில் காட்டெருமைச் சாணம். ஆவி பறக்க, முறத்தளவுக்குக் கிடந்தது. போதாததற்கு என் வாழைக்கன்றையும் மென்று துப்பிவிட்டுப் போயிருக்கிறது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். மார்கழி முழுக்க ஒரே ஒரு காட்டெருமைக்காக இந்த மலையெல்லாம் நாயாக அலைந்தவன் வாசலில் வந்து சாணம் போடுகிறது என்றால் அதற்குக் கொழுப்புத்தான். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

நீ கண்மூடியபின் வந்த முதல் பொங்கல் இது. மார்கழி பிறந்ததும் உன் தம்பியும் பூசாரியும் கொட்டச்சேட்டிலிருந்து பஸ் ஏறி நாகலூருக்கு என் வீடு தேடி வந்தார்கள். இரண்டு பேருக்கும் காபி கொடுத்தேன். பிறகு உன் தம்பி மெல்ல ஆரம்பித்தான்.

"ஏனுங்க வாட்சர், இந்த வருசம் வேட்டைக்கு எடம் நீங்கதானுங்க பாக்கோணும்."

வனத்துறையில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேட்டைக்காரர்களைத் துரத்தித் துரத்தியே என் முழங்கால் தேய்ந்தது. என்னிடம் வந்து வேட்டைக்கு இடம் கேட்கிறார்கள்! இது உன் வேலைதான், சந்தேகமே இல்லை. போவதற்கு முன் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

உன்னை நான் முதலில் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். பொங்கல் கழிந்ததும் மானோ காட்டெருமையோ ஒன்றை அடித்துச் சாமிக்குப் படைத்த பிறகுதான் உங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். அந்த வேட்டைக்கு இடம் பார்த்து முன்னால் நடப்பவன் நீ. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க ஓடையோரம் புதருக்குள் பதுங்கியிருந்தேன். நீ பின்னால் வந்து, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"காத்து உங்க மேல பட்டு ஓடைக்குப் போவுதுங்க. இந்தப் பவுடர் வாசத்துக்கு எருமையும் வராது, நானும் வரமாட்டேன்."

உன் கையில் துப்பாக்கி இல்லை, பிடிக்கவும் காரணமில்லை. என்னை மீறிச் சிரித்துவிட்டேன். அங்கேதான் நான் கெட்டுப்போனேன்.

அப்புறம் எத்தனை வருடச் சண்டை. கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். துப்பாக்கி கூடாது, கண்ணி கூடாது. ஊர் திரண்டு போய் ஒரு விலங்கைக் கண்ணால் பார்த்தால் போதும். பார்த்த இடத்தில் தேங்காய் உடைத்து, மேளம் அடித்து, திரும்பிவிடுவது. ஊரை நீ சம்மதிக்க வைத்தாய், ஆபீசரை நான். இரண்டு விஷயத்தில் மட்டும் நீ இம்மியும் இறங்கி வரவில்லை. விலங்கு நிற்கிற மண் யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும், அடுத்தவன் தோட்டத்தில் நிற்பது சாமிக்கு ஆகாது என்றாய். இன்னொன்று, "அதுக்கு ஓட வழி இருக்கோணும். வழிய அடச்சு வச்சுட்டுப் பாத்தா அது காடு இல்லீங்க, பட்டி."

மார்கழிதோறும் நீயும் நானும் இடம் பார்க்கக் கிளம்பியதை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. விரலை நக்கிக் காற்றுக்குக் காட்டுவாய். புல்லின் நுனியைக் கிள்ளி, மேய்ந்தது நேற்றா இன்றா என்பாய். நான் மறுத்துப் பேசுவேன், பெரும்பாலும் தோற்பேன். இடம் பார்த்தவனுக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடி பங்கு. அந்தக் காலத்தில் அது தொடைக்கறியாக இருந்ததாம். ஒவ்வொரு வருடமும் நீ அதை என்னிடம் நீட்டுவாய், யூனிபாரத்தோடு வாங்க மாட்டேன் என்பேன். அப்படியானால் ரிட்டயர் ஆகி வாங்கிக்கொள்ளுங்கள் என்பாய். ரிட்டயர் ஆனேன். அந்த ஐப்பசியிலேயே நீ போய்விட்டாய்.

சரி, எங்கே போய் இடம் பார்ப்பது, நீயே சொல். நாம் மல்லாந்து படுத்துக் கிடந்த புல்மேட்டில் இப்போது பிளாட் போட்டுக் கம்பிவேலி கட்டியிருக்கிறார்கள். கிளியூர்ப் பக்கம் ஓடையில் காட்டெருமை நின்றது உண்மைதான். ஆனால் காரில் வந்த ஒருவர் அதற்குப் பன் வீசிக்கொண்டிருந்தார், அவர் மனைவி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் வெட்கமில்லாமல் தின்றது. நான் சத்தம் போட்டேன். நீங்கள் யார் என்று கேட்டார். யூனிபாரம் இல்லையே, நடையைக் கட்டினேன். தாலுகா ஆபீசில் புறம்போக்கு என்று காட்டிய இடத்துக்குப் போனால், அங்கே எஸ்டேட் கேட் போட்டு உள்ளே சில்வர் ஓக் மரம் நிற்கிறது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பாஸ் கேட்கிறார். புறம்போக்குக்குள் கால் வைக்கப் பாஸ்!

இதைவிடக் கொடுமை ஒரு ரிசார்ட் மேனேஜர். தினமும் சாயங்காலம் எங்கள் ரிசார்ட் புல்தரைக்கே காட்டெருமை வருகிறது, வேட்டையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், மேளத்துக்கும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம், கெஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்றார். உன் தம்பி கொஞ்சம் மசிந்துவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. காப்புக் கட்டாமல் ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் யாருக்கு அந்த நினைப்பு இருக்கும்? ஆனாலும் நான் கத்திய கத்தலில் மேனேஜர் உள்ளே போய்விட்டார். சுற்றுச்சுவர் கட்டிய புல்தரை பட்டியில்லாமல் வேறென்ன?

நேற்றுத்தான் வேட்டை. வேறு போக்கில்லாமல் உங்கள் ஊருக்கு மேலே இருக்கிற பாறைக்காட்டுக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். பட்டா இல்லாத இடம்தான், ஆனால் நாலு பக்கமும் வேலிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட இடம். மத்தியானம்வரை ஒரு முயல்கூட வரவில்லை. அது தெரிந்தேதான் போனேன் என்று வை. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேளக்காரர் மேளத்தைத் துணியில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார், இறங்கி வந்தோம்.

ஊர் இடுகாட்டைத் தாண்டும்போது உன் தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான். உன்னைப் புதைப்பதற்காக உண்ணிச்செடியை வெட்டித் தள்ளினார்களே, அந்த இடத்தில் மழைக்குப் பிறகு பசும்புல் மண்டியிருக்கிறது. அதில் ஒரு பெரிய கொம்பன் காட்டெருமை, உன்னைப் புதைத்த மேட்டோரமாக நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

தீட்டு மண்ணில் எப்படித் தேங்காய் உடைப்பது என்று பூசாரி தயங்கினார். யாருக்கும் சொந்தமில்லாத இடம் இந்த மலையில் வேறு எங்கே மிச்சமிருக்கிறது என்றான் உன் தம்பி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விரலை நக்கித் தூக்கினேன், காற்று எங்கள் பக்கம்தான் வந்தது. எந்தப் பக்கமும் கம்பி இல்லை. கீழே பள்ளம்வரை திறந்து கிடந்தது.

"ஓட வழி இருக்குதுங்க. ஒடைங்க," என்றேன்.

பாதையோரக் கல்லில் பூசாரி உடைத்தார். மேளம் ஒலித்ததும் அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ஓடவில்லை. உன் மேட்டை நன்றாக ஒரு மிதி மிதித்துவிட்டு, பள்ளத்தில் இறங்கிப் போயிற்று. ஊருக்குள் போய் நேற்றே காப்புக் கட்டிவிட்டார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான், முடியவில்லை. உன் தலைமாட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். இடுகாட்டுக்கும் சுற்றுச்சுவர் வரப்போகிறதாம். அடுத்த மார்கழியில் உன் தம்பி மறுபடி பஸ் ஏறி வந்து நிற்பான், நான் அவனிடம் என்ன சொல்வேன்?

அவன் நீட்டிய தேங்காய் மூடியை இந்த முறை மறுக்காமல் வாங்கிவிட்டேன். அலமாரியில் இருக்கிறது. கெட்டுப்போகும், சட்னி அரைக்கிறேன் என்று என் வீட்டுக்காரி காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள், தரமாட்டேன் என்றேன். இடம் பார்த்தது நானா? உன் பங்கு அது, நான் வைத்திருக்கிறேன்.